ரேந்தை: அணிந்தவர் பெயரும் பின்னியவர் பெயரும்

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடம் நடத்தும்பொழுது, வண்ணப் படங்கள் நிறைந்த பழைய மகளிர் இதழ் ஒன்றைப் பயன்படுத்துவது என் வழக்கம். படத்தைக் காட்டி, அதன் கீழுள்ள குறிப்பைத் தமிழில் சொல்லி, "இதில் வரும் பெயரடைகளை எடுத்து எழுதுங்கள்" என்பேன். ஒருநாள் மணமகள் ஒருத்தியின் உடையைப் பற்றிய குறிப்பு வந்தது. மென்மையான, கனவு போன்ற, கையால் செய்யப்பட்ட லேஸ் என்று அதில் இருந்தது. பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, யார் கையால்?" என்று கேட்டாள். பெயரடைப் பாடம் அத்துடன் நின்றது. அன்று அவளுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

ரேந்தை என்னும் சொல்

இன்று நாம் 'லேஸ்' என்று கூறும் பொருளுக்குத் தமிழில் 'ரேந்தை' என்ற சொல் முன்னரே உண்டு. 'ரெண்டா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து அது வந்தது. மலாய்க்காரர் 'ரெண்டா' என்றே கூறுகின்றனர். ரேந்தைக் கரை வைத்துத் தைத்த மேலாடைக்குக் 'கெபாயா ரெண்டா' என்று பெயர். சிங்களத்திலும் இச்சொல்லே 'ரேந்த' என வழங்குகிறது. கப்பலேறி வந்த ஒரு சொல் மூன்று மொழிகளில் குடியேறிய கதை இது.

ரேந்தை என்பது யாது? தறியில் நெய்த துணியன்று; துணியின்மேல் இட்ட பூத்தையலும் அன்று. அடித்துணி இல்லாமலே, நூலையும் வெற்றிடத்தையும் கொண்டு உருவம் படைப்பது அது. இதற்கு இரண்டு முதன்மையான முறைகள் உள. ஒன்று, ஒற்றை ஊசியும் நூலும் கொண்டு தையல் தையலாக வளர்ப்பது. மற்றொன்று, தலையணை போன்ற திண்டின்மேல் சித்திரத் தாளை விரித்து, அதன் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, சிறு சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை அவ்வூசிகளைச் சுற்றி முறுக்கியும் மாற்றியும் பின்னுவது. அகன்ற வேலைக்கு நூற்றுக்கணக்கான கட்டைகள் வேண்டும். ஊசி முறைக்கு வெனிசும், கட்டை முறைக்கு வெனிசோடு பிளாண்டர்சு நாடும் 16ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்றன.

ஊர்ப் பெயரின் விந்தை

நாகரிக உடைகளைப் பற்றி இதழில் எழுதும் வழக்கம் பிரான்சில் தோன்றியது. 1672ஆம் ஆண்டு பாரிசில் தொடங்கப்பெற்ற 'மெர்க்கூர் கலான்' என்ற இதழ், அரசவையில் எவர் எதனை உடுத்தார் என்பதையும் செய்தியாக்கிற்று. அக்காலந்தொட்டு இன்றளவும் அவ்வெழுத்து ரேந்தையை அறிமுகப்படுத்தும் முறை ஒன்றே: முதலில் ஊர்ப் பெயர், அடுத்து அணிந்தவர் பெயர்.

ஊர்ப் பெயராவது உண்மை கூறுகின்றதா எனின், எப்பொழுதும் இல்லை. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1662இல் அயல்நாட்டு ரேந்தையை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. ஆனால் அரசவைச் சீமாட்டிகளோ பிளாண்டர்சு ரேந்தையையே விரும்பினர். வணிகர் என் செய்தனர்? பிரசெல்சில் பின்னியதைக் கள்ளத்தனமாகக் கொண்டு வந்து 'இங்கிலாந்து ரேந்தை' என்று பெயரிட்டு விற்றனர். அப்பெயர் பிரான்சிலும் பரவி நிலைத்தது. பிளாண்டர்சுப் பெண் பின்னியது இங்கிலாந்தின் பெயரால் பாராட்டப்பட்டது.

பிரான்சிலுள்ள சாந்திலி என்ற ஊரின் கதையும் இத்தகையதே. 18ஆம் நூற்றாண்டில் அவ்வூரின் கரும்பட்டு ரேந்தை பெரும் புகழ் பெற்றது. அரச குடும்பத்தாரை நம்பியிருந்த அத்தொழில் பிரெஞ்சுப் புரட்சியோடு நசிந்தது. பின்னர் அதே வகை ரேந்தை நார்மண்டியின் பயோ, கான் ஆகிய ஊர்களிலும் பெல்சியத்திலும் பின்னப்பட்டது. அதன்பின் ஆலைகளில் நெய்யப்பட்டது. ஊர் தொழிலை இழந்தது; தொழில் ஊரின் பெயரை இழக்கவில்லை. இன்றும் மணவுடைக் குறிப்புகளில் சாந்திலி என்ற சொல் மணக்கிறது.

நம்மவர் கைவேலைக்கும் இது நேர்ந்தது. 1960களில் அமெரிக்க இளைஞரிடையே 'மெட்ராஸ்' என்ற கட்டம் போட்ட கைத்தறித் துணி பெரிதும் விரும்பப்பட்டது. அத்துணி துவைக்குந்தோறும் சாயம் போயிற்று. சாயம் போகும் துணியை நம் தாய்மார் கடைக்காரன் முகத்தில் எறிவார்கள். அமெரிக்க விளம்பரங்களோ, 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்று எழுதின! ஒவ்வொரு சலவைக்கும் புது நிறம் பெறும் அற்புதத் துணி என்று குறையே சிறப்பாயிற்று. நம் வழக்கில் சாயம் வெளுத்தது என்றால் குட்டு வெளிப்பட்டது என்று பொருள். அங்கோ சாயம் வெளுத்தும் குட்டு வெளிப்படவில்லை. 'மெட்ராஸ்' என்ற பெயர் துறைமுகத்தைச் சொல்லிற்று. தறி இருந்த சிற்றூரைச் சொல்லவில்லை.

இத்தகைய எழுத்தை ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த். 1958, 1959ஆம் ஆண்டுகளில் வெளியான மகளிர் இதழ்களின் படக்குறிப்புகளை எடுத்துக்கொண்டு அவர் செய்த ஆய்வு 1967இல் நூலாக வந்தது. வாங்குவோர் கணக்குப் பார்க்கத் தொடங்கினால், பழைய உடை கிழிந்த பின்னரே புதியதை வாங்குவர். ஆதலின் அக்கணக்கை மறைக்கப் பொருளுக்கு முன்னால் சொற்களால் ஒரு திரை இடப்படுகிறது என்பது அவர் கருத்து. ரேந்தையும் ஒரு திரையே அன்றோ! திரைக்கு மேல் திரை.

மென்மைக்குப் பின்னால்

அத்திரையில் அடிக்கடி காணும் சொல் 'மென்மை'. காற்றைப் போன்றது, பனியைப் போன்றது, தேவதைகளின் கைவேலை என்றெல்லாம் எழுதுவர். உவமை கூறுவது குற்றமன்று. நம் பொருநராற்றுப்படையும் நுண்ணிய ஆடையைப் பாம்பின் தோலுக்கு ஒப்பிடுகிறது. ஆனால் அந்த மென்மை எவ்வாறு பிறந்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

பிரசெல்சு ரேந்தையின் மிக நுண்ணிய நூல், ஆளிச் செடியின் நாரிலிருந்து நூற்கப்பட்டது. உலர்ந்த காற்றுப் பட்டால் அந்நூல் இற்றுவிடும். ஆகையால் அதனை நூற்ற பெண்கள் ஈரம் கசியும் நிலவறைகளில் அமர்ந்திருந்தனர். ஒற்றை ஒளிக்கீற்று மட்டும் நூலின்மேல் விழுமாறு அமைத்திருந்தனர். பின்னும் வேலையும் கூறு கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பூவைப் பின்னுபவள் ஒருத்தி, வலையைப் பின்னுபவள் மற்றொருத்தி, இரண்டையும் இணைப்பவள் வேறொருத்தி. முழு உருவத்தையும் காணாமலே தன் பங்கைச் செய்து கொடுத்தவர் பலர்.

இங்கிலாந்தின் சிற்றூர்களில் 'ரேந்தைப் பள்ளிகள்' இருந்தன. பள்ளி என்ற பெயரைக் கேட்டு ஆசிரியனாகிய நான் முதலில் மகிழ்ந்தேன். ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் நாள் முழுதும் திண்டின் முன் குனிந்திருந்த இடம் அது என்று அறிந்தபொழுது மகிழ்ச்சி மறைந்தது. ஊசிகளை எண்ணுவதற்கென்றே பாட்டுகள் இருந்தன. பாட்டின் வேகத்திற்குக் கை ஓட வேண்டும். இரவில் ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை வைத்தனர். குடுவை வழியே குவிந்து விழும் ஒளியில் பலர் வட்டமாக அமர்ந்து பின்னினர். ஒரு திரியின் செலவில் பலருடைய கண்கள் தேய்ந்தன.

கூலியோ பல வேளைகளில் காசாகக் கிடைக்கவில்லை. டெவன் மாவட்டத்தில் ரேந்தை வாங்கும் வணிகர் சிலர், கூலிக்கு ஈடாகத் தம் கடைச் சரக்கையே கொடுத்தனர். விலையும் அவர் வைத்ததே. தோட்டத்துக் கடையின் பற்றுப் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இரண்டு மணவுடைகள்

1809இல் சான் ஹீத்கோட் என்பவர் ரேந்தை வலையை இயந்திரத்தால் பின்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1816 சூன் மாதம் லஃபரோ என்ற ஊரில் இருந்த அவருடைய ஆலைக்குள் லுட்டைட்டுகள் புகுந்து 55 இயந்திரங்களை உடைத்தனர். அவர் அஞ்சி ஒதுங்கவில்லை. டெவன் மாவட்டத்து டிவர்ட்டன் நகரில் ஆலையை நிறுவினார். கைவேலைக்குப் பெயர் பெற்ற மாவட்டத்திலேயே இயந்திரமும் வந்து அமர்ந்தது. கைப்பின்னல்காரரின் பிழைப்புச் சுருங்கிற்று.

இந்நிலையில்தான் விக்டோரியா அரசியார், 1840 பிப்ரவரி 10ஆம் நாள் நடந்த தம் திருமணத்திற்கு டெவன் ரேந்தையை அணிந்தார். நலிந்த தொழிலுக்குக் கை கொடுப்பதே அவர் நோக்கம். அந்த ரேந்தையை 'ஹானிட்டன்' என்ற சந்தையூரின் பெயரால் உலகம் அறியும். உண்மையில் அது பின்னப்பட்டது பீர் என்ற கடற்கரைச் சிற்றூரில். சேன் பிட்னி என்ற பெண்மணி மேற்பார்த்தார். இருநூறுக்கும் மேற்பட்டோர் உழைத்தனர். இவ்விவரங்களை அக்காலத்தார் எழுதி வைத்துள்ளனர். ஊரும், மேற்பார்த்தவரும், தொகையும் தெரிகின்றன. அந்த இருநூறு பேரும் எண்ணாகவே நின்றுவிட்டனர். ஆயினும் ஒன்றை மறுக்கலாகாது: அரசியார் அணிந்தார் என்ற செய்தி பரவியதால் அத்தொழிலுக்கு வேலை வந்தது. நாகரிக எழுத்து சோறும் போடும் என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த மணவுடை நம் கண்முன் வந்தது. 2011 ஏப்ரல் 29ஆம் நாள் இளவரசர் வில்லியத்தை மணந்த கேத்தரின் மிடில்டனின் உடையைத் தொலைக்காட்சியில் காணாதவர் குறைவு. அரச பூத்தையல் பள்ளியைச் சேர்ந்தவர்கள், ரேந்தையிலுள்ள பூக்களைக் கத்தரித்து எடுத்து, பட்டு வலையின்மேல் வைத்துத் தைத்தனர். அரைமணிக்கு ஒருமுறை கை கழுவினர். மூன்று மணிக்கு ஒருமுறை ஊசியை மாற்றினர். இது 1820களில் அயர்லாந்தின் கேரிக்மக்ராஸ் என்ற ஊரில் தோன்றிய முறை என்று எழுதினார்கள். எல்லாம் உண்மையே. 'கையால்' என்ற சொல் அச்செய்திகளில் பன்முறை வந்தது. ஆனால் கத்தரிக்கப்பட்ட ரேந்தை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் இல்கெஸ்டன் ஆலையிலும் பிரான்சின் கோத்ரி நகரத்து ஆலையிலும் இயந்திரங்களால் செய்யப்பட்டது அது.

இதில் ஏமாற்று உண்டு என்று நான் கூறவில்லை. கேரிக்மக்ராஸ் வேலையே இயந்திர வலையின்மேல் மெல்லிய துணியை வைத்துத் தைக்கும் வேலைதான். தையற்காரர் கை உண்டு. அந்தப் பழைய இயந்திரங்களை இயக்கத் தெரிந்தவரின் கையும் உண்டு. குறை எங்கே எனின், 'கையால்' என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு, எந்த வேலை, எவருடைய கை என்று பிரித்துக் கூறாமையே. படித்தவர் பலர், ரேந்தை முழுவதும் கையால் பின்னப்பட்டது என்று எண்ண இடமாயிற்று.

நாகர்கோவிலும் இடையன்குடியும்

இக்கதை தமிழ் மண்ணையும் தொட்டது. இலண்டன் மிசனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லசு மால்ட்டும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அங்குத் தொடங்கிய பெண்கள் பள்ளியில் மார்த்தா அம்மையார் கட்டை ரேந்தை பின்னக் கற்பித்தார். பின்னிய ரேந்தையை ஐரோப்பியப் பெண்மணிகள் வாங்கினர். வந்த பணம் பள்ளிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. அம்மையாரின் மகள் எலிசா, 1844இல் மணந்தவர் வேறு யாருமல்லர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயரே ஆவார். தாயிடம் கற்ற தொழிலை எலிசா அம்மையார் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். ஒரு வீட்டில் இலக்கணமும் ரேந்தையும் ஒருங்கே வளர்ந்தன. ஐயரின் நூலை நாம் அறிவோம். அம்மையாரிடம் கற்ற பெண்களின் நூலை அறியோம்.

நாகர்கோவில் பள்ளியில் பயின்ற பெண்களுள் அடிமைக் குடியில் பிறந்தோரும் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்னரே ரேந்தை பின்னி ஈட்டிய காசைச் சேர்த்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. ஒரு முழ ரேந்தையின் விலை பார்ப்பவருக்கு அலங்காரச் செலவு. பின்னியவளுக்கு அது விடுதலைப் பணம்.

இன்னொன்றையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அதே நாட்டில், அதே காலத்தில்தான் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. மேற்சாதிப் பெண்கள் அணிவது போல நாடார் பெண்கள் மேலுடை அணியக் கூடாது என்று 1829இல் அரசாணை பிறந்தது. முப்பது ஆண்டு அல்லலுக்குப் பின், 1859இல்தான் அப்பெண்களுக்கு மேலுடை அணியும் உரிமை அரசாணையால் கிடைத்தது; அப்பொழுதும் மேற்சாதியார் அணியும் முறையில் அணியலாகாது என்ற கட்டு நீங்கவில்லை. சீமாட்டிகளின் மார்பையும் தோளையும் அழகு செய்யும் ரேந்தையைப் பின்னிய ஊரில், உழைக்கும் பெண்கள் தம் தோளை மூடிக்கொள்வதற்கே போராட வேண்டியிருந்தது. 'மென்மையான இந்திய ரேந்தை' என்ற மூன்று சொற்களுக்குள் இவ்வளவு வரலாறும் அடங்குமா?

'ஓய்வு நேர வேலை'

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையோர நரசாபுரம் பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் மிசனரிகள் கற்பித்த கொக்கி ஊசி ரேந்தை பெருந்தொழிலாக வளர்ந்தது. செர்மானிய அறிஞர் மரியா மீசு அங்குள்ள பெண்களிடையே ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலையும் செய்து, அதற்குமேல் நாள்தோறும் பல மணி நேரம் ரேந்தை பின்னிய அப்பெண்களை ஒருவரும் தொழிலாளர் என்று கூறவில்லை. வீட்டுப் பெண்கள் என்றனர். அவர்கள் செய்ததற்கு ஓய்வு நேர வேலை என்று பெயர். பொருள் அயல்நாட்டுச் சந்தைக்குச் சென்றது. வணிகர் ஏற்றுமதியாளர் எனப்பட்டனர். வேலை என்ற பெயரை மறுத்தால் கூலியையும் குறைத்துவிடலாம் என்பதை அந்நூல் தெளிவாகக் காட்டிற்று. ஆகவே சொல் வெறும் சொல்லன்று. படக்குறிப்பில் விடுபடும் பெயர், கூலிக் கணக்கிலும் விடுபடுகிறது.

எவ்வாறு எழுத வேண்டும்?

2024இல் கெபாயா, மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஐந்து நாடுகள் சேர்ந்து கேட்டுக்கொண்டபடி, யுனெசுகோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது. அதற்கு மூன்றாண்டு முன்னரே மலேசியாவின் சொங்கேட் நெசவும் இடம் பெற்றிருந்தது. இனி இவற்றைப் பற்றி நம் நாட்டு இதழ்கள் நிறைய எழுதும். நம் பிள்ளைகளும் எழுதுவர். ஆகவே பழைய பிழையை நாம் பின்பற்றாதிருக்க வேண்டும்.

பெயரடைகளை விட்டுவிடுக என்று நான் கூறமாட்டேன். அழகை அழகு என்று கூறத்தான் வேண்டும். அதனுடன் ஐந்து வினாக்களுக்கு விடையும் இருத்தல் நன்று. நூல் எது? கருவி எது? எத்தனை நாள் ஆயிற்று? செய்தவர் எவர்? அவர் பெற்றது என்ன? இவ்வைந்தும் உள்ள குறிப்பு நீண்டுவிடும் என்பர். அணிந்தவரின் பட்டப் பெயர்களை எழுத இடம் இருக்கும்பொழுது, பின்னியவரின் ஒரு பெயருக்கு இடம் இராதா?

நம் முன்னோருள் ஒரு புலவர் இதற்கு வழிகாட்டியிருக்கிறார். புறநானூற்றில், இரவில் எழுந்து பருத்தி வேலை செய்யும் ஏழைப் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுடைய சிறிய விளக்கின் ஒளியில், அஞ்சி நடுங்கிய கோழிப்பேடு ஒன்று தன் சேவலைக் கண்டு தேறுகிறது. அவள் நூலால் நெய்த ஆடையை எவர் உடுத்தாரோ நாம் அறியோம். அவள் விளக்கு மட்டும் அணையாமல் இருக்கிறது.

பின்வரிசைச் சிறுமிக்கு மறுமாதம் என் விடையைக் கூறினேன். பிறகு வகுப்பு முழுவதற்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: உங்கள் வீட்டில் கையால் செய்த துணிப்பொருள் ஒன்றைப் பற்றி எழுதுக, ஐந்து வினாக்களுக்கும் விடை இருத்தல் வேண்டும். அச்சிறுமி, வானொலிப் பெட்டியின்மேல் அவள் பாட்டி போட்டு வைத்திருந்த கொக்கி ஊசிப் பின்னலைப் பற்றி எழுதி வந்தாள். பால்மரம் சீவிவிட்டு வந்து, மாலை வேளைகளில் நான்கு மாதம் பின்னியது என்று இருந்தது. 'அவர் பெற்றது என்ன' என்ற இடத்தில், 'ஒன்றும் இல்லை. நான் கேட்டபொழுது சிரித்தார்' என்று எழுதியிருந்தாள். கட்டுரையின் முதல் வரியில், பெயரடை எதுவும் இன்றி, பாட்டியின் முழுப்பெயர் இருந்தது.